சின்னக் கண் மருத்துவமனைகளில் ஆப்டோமெட்ரிஸ்ட்கள் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணவன், மனைவி இருவரும் கண் டாக்டர்கள். பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் மருத்துவமனை, கீழ்த்தளத்திலேயே கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதித்துக் கண்ணாடி பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்கள் மூன்று வருடத்தில் ஐந்து பேர் வந்து போய்விட்டார்கள். இப்போது இருக்கும் பெண்ணும் மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்கிறாராம். "ஊரில் கொடுக்கிற சம்பளத்தைத்தான் நாங்களும் கொடுக்கிறோம். பக்கத்திலேயே பெரிய மருத்துவமனைகள் இருக்கும்போது எங்களிடம் யார் நிற்பார்கள்? பாண்ட் எழுதி வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நானும் அப்படி வந்து போனவள்தான். ரிஃப்ராக்‌ஷன் அறையில், அதாவது கண்ணாடி பவர் பார்க்கும் இடத்தில், 22 வருடம். புதுச்சேரியில் தொடங்கி, கடலூரில் இரண்டு இடம் பார்த்து, மறுபடியும் புதுச்சேரிக்கே வந்தேன். அதில் இரண்டு இடங்களில் ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளாமலே போயிருக்கிறேன். கடைசி ஒன்பது வருடமாக ஆள் எடுப்பதும் வந்தவர்களைப் பழக்குவதும் என் பொறுப்பு. இந்த 'நிற்பது' என்ற சொல் நம்மூரில் ஒரு வேடிக்கை. "அந்தப் பொண்ணு நிக்கவே இல்ல" என்றாலும் ஆள் போய்விட்டாள், "அந்தப் பொண்ணு நின்னுடுச்சு" என்றாலும் ஆள் போய்விட்டாள்!

சம்பளத்தை முதலில் முடித்துவிடுவோம். போகிறவர்கள் எல்லாரும் சம்பளத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். முகம் கோணாமல் சொல்லக்கூடிய காரணம் அது ஒன்றுதான். கடலூரில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் ஆயிரத்தைந்நூறு ரூபாய் அதிகம் என்று புதுச்சேரிக்குப் போனாள். அந்த ஆயிரத்தைந்நூறில் முக்கால்வாசி பஸ் டிக்கெட்டுக்கே போயிருக்கும். அது அவளுக்கும் தெரியும். ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இலேயே பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து ஒன்று சொன்னார். சம்பளம் குறைந்தால் மனக்குறை வரும். கூட்டிக் கொடுத்தால் மனக்குறை தீரும். வேலை பிடித்துப்போவது வேறு காரணங்களால். அவரிடம் எல்லாரும் உடன்பட்டுவிடவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் என் அனுபவம் அவர் பக்கம்தான்.

அதற்காகச் சம்பளத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தேதி தவறாமல் கொடுங்கள். 10 பேருக்கு மேல் இருப்பதால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உண்டு, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். சில இடங்களில் மருத்துவமனையை ஒரு பெயரிலும் ஆப்டிக்கல் கடையை இன்னொரு பெயரிலும் காட்டி, ஆள் எண்ணிக்கையைப் பத்துக்குக் கீழே வைத்துக்கொள்வார்கள். நீங்கள் அப்படிச் செய்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. செய்தால், முதலில் தெரிந்துகொள்பவர்கள் உங்கள் ஊழியர்கள்தான்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நேரம் என்ன? நீங்கள் எழுதவில்லை, ஆனால் யூகிக்க முடிகிறது. காலை 10 முதல் ஒன்றரை வரை, மாலை 5 முதல் 9 வரை. கடலூரிலும் புதுச்சேரியிலும் பாதிக் கிளினிக்குகள் இப்படித்தான். டாக்டருக்கு இது வசதி. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரலாம். வீடு மேல் மாடியில் இருந்தால் இன்னும் சௌகரியம். கணக்குப் பார்த்தால் ஏழரை மணி நேர வேலைதான். ஆனால் பாகூரிலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ வருகிற பெண்ணுக்கு அது காலை எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி இரவு பத்தரைக்குத் திரும்புகிற நாள். நடுவில் இருக்கும் மூன்றரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் வர முடியாது. நான் கடலூரில் இருந்தபோது பழைய கேஸ் ஷீட் அடுக்கிய அறையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். ஃபேன் உண்டு, ஜன்னல் கிடையாது. ஒன்பது மணிக்குக் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினால், எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ் போயிருக்கும். அப்பா டிவிஎஸ் 50-இல் வந்து நிற்பார். இரண்டு வருடம் வந்தார். அப்புறம் "போதும்மா" என்றார். நானும் நின்றுவிட்டேன். அங்கே சொன்ன காரணம், சம்பளம்.

இதற்கு வழி உண்டு. இரண்டு ஆப்டோமெட்ரிஸ்ட் இருந்தால் ஒருவர் ஒன்பதரை முதல் ஐந்தரை, இன்னொருவர் பன்னிரண்டரை முதல் எட்டரை, வாராவாரம் மாற்றிக்கொள்ளலாம். மத்தியானம் டாக்டர் இல்லாவிட்டால் என்ன? கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேன், பக்கப் பார்வையைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட், விழித்திரையைப் படம் எடுக்கும் ஓ.சி.டி., பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விட்டு நிதானமாகப் பார்ப்பது, கான்டாக்ட் லென்ஸ் பழக்குவது, எல்லாம் அந்த நேரத்து வேலைகள். குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வரும் வயதானவர்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரத்தான் பார்ப்பார்கள். "நாளைக்கு வந்து ஸ்கேன் எடுத்துக்கோங்க" என்று அனுப்பினால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். மத்தியானமே முடித்து அனுப்பினால் உங்களுக்கும் ஆபரேஷன் கேஸ் கைவிட்டுப் போகாது. ஒன்பது மணி வரை கூட்டம் இருந்தே தீரும் என்றால், எட்டரைக்கு மேல் வருபவர்களுக்கு டோக்கன் கொடுப்பதை நிறுத்துங்கள். முதல் பத்து நாள் சண்டை போடுவார்கள், அப்புறம் ஏழரைக்கே வந்துவிடுவார்கள்.

நேரத்துக்கு அடுத்தது, நேரத்தை எதில் செலவழிக்க வைக்கிறீர்கள் என்பது. நாலு வருடம் பி.ஆப்டம் படித்த பெண்ணை, பவரைத் தானே அளந்து சொல்லும் ஆட்டோரெஃப் மெஷின் முன்னால் உட்கார வைத்து, பட்டனை அழுத்தி, வருகிற சீட்டைக் கிழித்து ஃபைலில் ஒட்டச் சொல்கிறோம். ஊரில் போர்டே 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்றுதானே வைக்கிறார்கள். பிறகு சார்ட்டைக் காட்டி, "இது தெரியுதா, இது நல்லா இருக்கா" என்று கேட்டு முடிப்பது. ஒரு நாளைக்கு அறுபது பேர், எழுபது பேர். இதையே ஆறு மாதம் செய்தால் படித்தது எல்லாம் கையை விட்டுப் போய்விடும். அது அவர்களுக்கே தெரியும், பயமாக இருக்கும். அந்தப் பயத்தில்தான் கிளம்புகிறார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நெய்வேலியிலிருந்து ஒரு பையன், பதினாறு வயது இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பவர் மாறும், வந்து புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போவான். மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சிலிண்டர் பவர் காட்டும். எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி, கூட்டம் குறைவாக இருந்த ஒரு மத்தியானம், ரெட்டினோஸ்கோப்பை எடுத்து அவன் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். சாதாரணமாக உள்ளே இருந்து வரும் சிவந்த ஒளி ஒரே பக்கமாக ஓடும். இவனுக்கு அது கத்தரிக்கோல் போலத் திறந்து மூடியது. கருவிழி கூம்பாக ஆரம்பித்தால் அப்படித்தான் தெரியும். கெரட்டோகோனஸ். கருவிழியின் வடிவத்தைக் காட்டும் டோப்போகிராஃபி எடுக்கச் சொல்லி எழுதி அனுப்பினாள். டாக்டர் பார்த்து, உறுதி செய்து, மேலே முற்றாமல் இருக்கச் செய்யும் கிராஸ் லிங்கிங்குக்கு அனுப்பினார். பையனின் கண் பிழைத்தது.

அவளுக்கு அது தெரியவே தெரியாது. நாலு மாதம் கழித்து நான் தற்செயலாகச் சொன்னபோது, "நான் பார்த்தது சரியாக்கா?" என்று கேட்டாள். டாக்டர் கெட்டவர் கிடையாது, மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வேலையின் மிகப் பெரிய குறை அதுதான் என்று நினைக்கிறேன். நோயாளி எங்கள் அறையிலிருந்து டாக்டர் அறைக்குப் போகிறார், அங்கிருந்து ஆப்டிக்கல், இல்லை ஆபரேஷன் தியேட்டர், அப்புறம் வீடு. நாங்கள் கதையின் முதல் பக்கத்தை மட்டும் ஒரு நாளைக்கு அறுபது தடவை படிக்கிறோம்.

கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, கண்ணின் நீளத்தை அளப்பது எங்கள் கை. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஆபரேஷனுக்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டரை பவர் பிசகும். அளக்கும்போது கருவியின் முனையை (ப்ரோப்) கருவிழியில் கொஞ்சம் அழுத்திவிட்டாலே நீளம் குறைத்துக் காட்டும். அவ்வளவு நுணுக்கமான வேலை. ஆனால் மறுநாள் காலை கட்டுப் பிரித்து, பாட்டி "எல்லாம் பளிச்சுன்னு இருக்கே, ஐயா நீ இவ்ளோ செவப்பா" என்று டாக்டர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்த அறையில் யார் இருக்கிறார்கள்? நான் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அளந்தவள்தான் கட்டுப் பிரிக்கும்போது கூட இருக்க வேண்டும், அவள்தான் சார்ட் படிக்க வைக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து இறுதிப் பவரை எடுத்து, தான் கணக்கிட்டதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். பைசா செலவில்லை. அந்த நோட்டை எங்கள் பெண்கள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். அளவுகளும் முன்பைவிட மேலாக இருக்கின்றன, சொல்லப்போனால் டாக்டருக்குத்தான் லாபம்.

இனி கொஞ்சம் கசப்பானது. கீழ்த்தளக் கண்ணாடிக் கடை. அதில்தான் வாடகையும் கரண்ட் பில்லும் வருகிறது, எனக்குத் தெரியும், தப்பில்லை. ஆனால் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், மாசம் இவ்வளவு கண்ணாடி என்று ரிஃப்ராக்‌ஷன் அறைக்கு டார்கெட் வைத்தார்கள். கால் பவர் மாற்றத்துக்கு யாரும் கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை. தலைவலி என்று வந்த கல்லூரிப் பெண்ணுக்குத் தூக்கம்தான் போதவில்லை. ஆனாலும் அவளுக்கும் கண்ணாடி எழுது என்பார்கள். புது பவர் எழுதாவிட்டால், "என்னம்மா, எல்லாருக்கும் நோ சேஞ்ச்னு எழுதறே" என்று மேனேஜர் கேட்பார். ஒரு தடவை மீன் விற்கும் அம்மா ஒருவர், மடியிலிருந்து ஈர நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தார். பழைய கண்ணாடியே அவருக்குப் போதும். எனக்குத் தெரியும், எழுதியது நான். அந்த மாதமே வேறு இடம் தேட ஆரம்பித்தேன். இதை வெளியேறும்போது எந்த ஆப்டோமெட்ரிஸ்டும் முதலாளியிடம் சொல்லமாட்டாள். சொன்னால் தானும் கூட்டு என்று ஆகிவிடும். நல்ல கையும் நல்ல மனசும் உள்ளவர்கள்தான் இதற்காக முதலில் போவார்கள், மிஞ்சுகிறவர்கள் டார்கெட்டை முடிப்பவர்கள். அப்புறம் சில வருடத்தில் ஊரில் உங்கள் பெயர் எப்படி ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையின் கணக்கைக் கடைக்காரர்களோடு வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதனை அறைக்குள் கொண்டுவராதீர்கள். கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டூலும் போடுங்கள். 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள்.

மரியாதை என்று பொதுவாகச் சொன்னால் புரியாது. நோயாளிகள் எங்களை 'பாப்பா', 'சிஸ்டர்', 'கண்ணாடி பாக்குற பொண்ணு' என்பார்கள். அதில் வருத்தமில்லை. டாக்டர் என்ன சொல்கிறார் என்பதுதான். "உள்ள பொண்ணு இருக்கும், பாரும்மா" என்பதற்கும் "எங்க ஆப்டோமெட்ரிஸ்ட் உங்க பவரைப் பார்ப்பாங்க" என்பதற்கும் எவ்வளவு தூரம்! 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் துறையினர் ஆணையச் சட்டத்தில் ஆப்டோமெட்ரிஸ்ட்களும் தனித் தொழிலாகப் பட்டியலில் இருக்கிறார்கள். தப்பு செய்தால் நோயாளி எதிரில் ஃபைலைத் தூக்கிப் போடாமல், கதவைச் சாத்திக்கொண்டு திட்டுங்கள். திட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்புறம் இந்த மெட்ராஸ் ஐ. வரும் பருவத்தில் ஒரு நாளைக்கு முப்பது சிவந்த கண்ணைத் திறந்து பார்க்கிறோம். எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவள் வேலைக்கு வரக் கூடாது, மற்றவர்களுக்குப் பரவும், சரி. ஆனால் அந்த ஐந்தாறு நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்த இடங்கள் உண்டு. வேலையில் வந்த நோய்க்கு வேலை பார்த்தவளிடமே அபராதம். இதற்கு எதிராக ஒன்று: 2011 டிசம்பர் 30 தானே புயல் அடித்தபோது நான் கடலூரில் இன்னொரு இடத்தில் இருந்தேன். ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தது. எங்கள் டாக்டர், "வீட்டுக் கூரையைப் பாருங்கள், கரண்ட் வந்ததும் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, ஜனவரிச் சம்பளத்தை ஒரு நாள் பிடிக்காமல் கொடுத்தார். அன்று இருந்தவர்களில் பலர் பத்து வருடம் தாண்டியும் அங்கேதான் இருந்தார்கள். நான் கல்யாணமாகிப் புதுச்சேரிக்கு வந்ததால்தான் அங்கிருந்து கிளம்பினேன்.

கல்யாணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. "பொம்பளைப் பிள்ளைகளை எடுத்தால் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விடுவார்கள்" என்பது எல்லா முதலாளிகளும் பாடும் பாட்டு. பிள்ளை பிறந்து ஒன்றரை வருடம் கழித்து, அதே ஊரில் அந்தப் பெண் சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. காலை பத்தரை முதல் இரண்டரை வரை என்றால் ஓடி வருவாள். பழகின கை, புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை. எங்களிடம் இப்போது அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். உங்கள் ஐந்து பேரில் யாராவது கடலூரிலேயே இருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். 10 பேருக்கு மேல் உள்ள இடம் என்பதால் 26 வாரப் பேறுகால விடுப்பும் உங்களுக்குப் பொருந்தும், அதைக் கொடுக்காமல் அனுப்பியவளைக் கூப்பிட முகம் இருக்காது என்பதும் உண்மை.

பெரிய மருத்துவமனைகள் பற்றி. கடலூர் ரோட்டில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003-இலிருந்து இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தது அது. அவர்களோடு சம்பளத்திலோ எண்ணிக்கையிலோ போட்டி போட வேண்டாம். ஆனால் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பழக்கி, ஓ.பி., ரிஃப்ராக்‌ஷன், தியேட்டர், வார்டு, கவுன்சிலிங் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தெளிவான வேலையைக் கொடுக்கிறார்களே, அதைப் பாருங்கள். சேரும் பெண்ணுக்கு அடுத்த வருடம் என்ன கற்றுக்கொள்வோம் என்று தெரிகிறது. உங்களிடம் சேர்ந்தவளுக்கு இரண்டாம் வருடம் என்ன? கான்டாக்ட் லென்ஸ் கிளினிக்கை அவள் பொறுப்பில் விடலாமா, குறைபார்வைக் கருவிகளை அவளிடம் கொடுக்கலாமா? அதைச் சேரும்போதே சொல்ல முடியுமா? சின்ன இடத்தில் ஒரு வசதி, ஒரே ஆள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். பெரிய இடத்தில் அது எளிதில் கிடைக்காது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. உதவிக்கு ஜூனியர் டாக்டர் எடுத்தால் இதே கதைதான் நடக்கும். கண்புரை எல்லாம் சீனியருக்கு, சிவந்த கண்ணும் கண்ணாடியும் ஜூனியருக்கு என்றால் ஒரு வருடத்தில் சென்னைக்குப் போய்விடுவார். வாரத்துக்கு இத்தனை கேஸ் அவர் கைக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பாண்ட் வேண்டாம். வேலையை விட்டபின் இந்த ஊரில் வேறெங்கும் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினால், 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி அது பொதுவாகச் செல்லாது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைப்பது அதைவிட மோசம். சேருகிற அன்றைக்கே, "இங்கிருந்து எல்லாரும் ஓடுகிறார்கள் போலிருக்கிறது" என்று அவளே புரிந்துகொள்வாள். இந்த ஊர் ஆப்டோமெட்ரிஸ்ட்கள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள், டாக்டர்.

மாசக் கடைசியில் போகிறேன் என்கிற அந்தப் பெண்ணிடம் இன்றைக்கே பேசுங்கள். உங்கள் அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்காமல், மேடம் தனியாக, டீ குடிக்கும் நேரத்தில் பேசினால் நல்லது. "எவ்வளவு வேணும்" என்று தொடங்காதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மத்தியானம் எங்கே சாப்பிடுகிறாள், எங்கே படுக்கிறாள் என்று கேளுங்கள். அப்புறம் போன மாதம் அவள் அளந்து கொடுத்து ஆபரேஷன் ஆன ஒருவரின் ஃபைலை எடுத்து, இப்போது என்ன பார்வை என்று அவளுக்குக் காட்டுங்கள். போவதாக முடிவு செய்திருந்தால் போகட்டும், அனுபவச் சான்றிதழை அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அடுத்து வரப்போகிற பெண் முதலில் ஃபோன் போட்டு விசாரிப்பது அவளைத்தான்.